“ஏன்”னு ஒரு வார்த்தை டைப் பண்ணேன், ரெண்டு நாள் வேலை போச்சு

எங்க டீம்ல ஏழு பேரு. அவங்கவங்க வீட்ல உக்காந்துதான் வேலை, ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்த்தது கிடையாது, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் வீடியோ கால் இருக்கும், அதுலயும் பாதிப் பேரு கேமராவை ஆஃப் பண்ணிடுவாங்க, மத்தபடி எல்லாமே சாட்தான். சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கு உதவிக் குறிப்பு எழுதறது எங்க வேலை. நாள் பூரா எழுத்தோடயே இருக்கறவங்க நாங்க. எங்களுக்குள்ளயே இப்படி நடந்துச்சுன்னா மத்தவங்களுக்கும் நடக்கும்னுதான் இதை எழுதறேன்.

டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு என்னை அக்கான்னு கூப்பிடுவா. தனியா பேசும்போது நானும் அவளை நீ, வா, போன்னுதான் பேசுவேன். அவ ரெண்டு நாள் உக்காந்து ஒரு பெரிய கேள்வி-பதில் பக்கத்தை அப்படியே மாத்தி அடுக்கியிருந்தா. அதுவரைக்கும் நாங்க மெனு எந்த வரிசைல இருக்கோ அதே வரிசைல கேள்விங்களை வச்சிருந்தோம், அவ அதை யூஸ் பண்றவங்க முதல்ல எங்க மாட்டிக்கறாங்க, அப்புறம் எங்க மாட்டிக்கறாங்கன்னு பார்த்து அந்த வரிசைக்குக் கொண்டு வந்திருந்தா. பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், இது இவளுக்கு எப்படி தோணுச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை, உடனே குரூப்ல டைப் பண்ணிட்டேன்: “ஏன் இப்படி மாத்தியிருக்கீங்க?” அவ்வளவுதான், அடுத்த நிமிஷமே வேற ஒரு மீட்டிங்குக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தப்ப அவ பதில் இருந்துச்சு. “சாரி அக்கா, மாத்திடறேன்.” பக்கம் பழைய வரிசைக்கே போயிருந்துச்சு. சரி, அவளே ஏதோ தப்பு கண்டுபிடிச்சு திருப்பி வச்சிட்டா போலன்னு நினைச்சு விட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு ஒரு கால்ல வேற எதையோ பேசிட்டிருக்கும்போது சொன்னா, “நீங்க அன்னைக்கு கோவமா கேட்டீங்கள்ல அக்கா, அதான் பழையபடியே வச்சிட்டேன், காப்பி கூட எடுத்து வைக்கல.” எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. நான் எப்ப கோவப்பட்டேன்? போனை வச்சதும் சாட்டை மேல ஏத்தி அந்த மெசேஜை எடுத்துப் படிச்சேன். மூணு வாரம் கழிச்சு, அன்னைக்கு இருந்த சந்தோஷம் மனசுல இல்லாம படிச்சப்ப எனக்கே அது திட்டற மாதிரிதான் இருந்துச்சு.

அந்த ஒரு வரில என்னென்ன தப்பு நடந்திருக்குன்னு அப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். முதல் விஷயம் “ஏன்”. வாயால கேக்கும்போது இந்த வார்த்தையை எத்தனை விதமா வேணாலும் கேக்கலாம், புருவத்தை தூக்கி, குரலை இறக்கி, லேசா இழுத்து கேட்டா அது ஆர்வம். எழுத்துல அது எதுவும் வராது, மிச்சம் இருக்கறது “ஏன் லேட்டு”, “ஏன் சொல்லல”, “ஏன் இப்படி பண்ற”ன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுப் பழகின அந்த “ஏன்” மட்டும்தான். நம்ம காதுல இந்த வார்த்தை பெரும்பாலும் திட்டற வாய்லேர்ந்துதான் விழுந்திருக்கு. அதனால நான் இப்ப சாட்ல “ஏன்”ன்னு ஆரம்பிக்கறதே இல்ல. “எதனால”, “எதை யோசிச்சு”, “எப்படி தோணுச்சு” இதுல ஏதாவது ஒண்ணு. அதுக்கும் முன்னாடி என் நிலைமையை ஒரு வரில சொல்லிடறேன், பிடிச்சிருக்கு, குழப்பமா இருக்கு, இல்ல எனக்கு ஒத்துவரலன்னு எதுவா இருந்தாலும் அது முதல்ல, கேள்வி ரெண்டாவது. “இந்த வரிசை எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, எப்படி தோணுச்சு உனக்கு?” இதை டைப் பண்ண கூட பத்து செகண்டுதான் ஆகியிருக்கும்.

ரெண்டாவது விஷயம் எனக்கு ரொம்ப லேட்டாதான் உறைச்சுது. அந்த “இருக்கீங்க”. குரூப்ல எல்லாரும் இருக்காங்கன்னு மரியாதைக்காக “ங்க” போட்டேன், எனக்கு அது பழக்கம். ஆனா அவளுக்கு என்கிட்டேர்ந்து தெரிஞ்சது “நீ” மட்டும்தான். நீன்னு பேசிட்டிருந்தவங்க திடீர்னு நீங்கன்னு மாறினா நம்ம மொழில அது மரியாதை கூடினதா படாது, நெருக்கம் குறைஞ்சு போச்சுன்னுதான் படும். வீட்ல கூட பாருங்க, சண்டைன்னா “நீங்க சொன்னா சரிங்க”ன்னு ஒரு “ங்க” வந்து உக்காரும். முகமும் குரலும் இல்லாத இடத்துல இந்த நீ, நீங்க, டா, டி, ப்பா, ம்மா எல்லாம் முகத்தோட வேலையை செய்யுது, அதை நான் கவனிக்காம மாத்திட்டேன். மூணாவது, எல்லார் முன்னாடியும் கேட்டது. அதுக்கு விளக்கம் வேணாம்.

இதுக்கப்புறம் இதைப் பத்தி தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். மனசுல நின்னது ஒரு ஆய்வு, ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி இவங்களும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2005-ல வெளியிட்டது. சில பேரை கிண்டலாவும் சீரியஸாவும் வாக்கியங்களை ஈமெயில்ல எழுத வச்சாங்க, சில பேரை அதையே குரல்ல சொல்ல வச்சாங்க, எதிர்ல இருக்கறவங்க எது கிண்டல் எது சீரியஸ்னு கண்டுபிடிக்கணும். அனுப்பினவங்க ரெண்டு வழிலயும் கிட்டத்தட்ட 78 சதவீதம் சரியா புரிஞ்சிடும்னு நம்பினாங்க. குரல்ல 73 சதவீதம் சரியா வந்துச்சு. ஈமெயில்ல 56. காசை சுண்டிப் போட்டு பூவா தலையான்னு சொல்லியிருந்தாலே பாதி சரியா வந்திருக்கும். எனக்கு இதுல பயமா இருந்தது அந்த 56 இல்ல, படிச்சவங்களும் தாங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டோம்னு உறுதியா நம்பினாங்கங்கறதுதான். ரெண்டு பக்கமும் சந்தேகமே இல்லாம தப்பா இருக்கறாங்க, அப்ப யாரு போய் யாரைக் கேப்பாங்க? நானும் அவளும் மூணு வாரம் அப்படித்தான் இருந்தோம்.

இது எதனாலன்னு புரிய வச்சது இன்னொரு பழைய பரிசோதனை. 1990-ல எலிசபெத் நியூட்டன்னு ஒருத்தங்க ஸ்டான்ஃபோர்ட்ல பண்ணது. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டோட தாளத்தை மட்டும் ஒருத்தர் விரலால மேஜைல தட்டணும், இன்னொருத்தர் என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டினவங்க பாதியாவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நினைச்சாங்க. 120 பாட்டுக்கு 3-தான் சரியா வந்துச்சு. தட்டறவங்க மனசுல முழு பாட்டும் ஓடுது, மெட்டு, வாத்தியம், வரிகள் எல்லாம். கேக்கறவங்களுக்கு டக் டக்னு சத்தம் மட்டும்தான். நான் “ஏன் இப்படி மாத்தியிருக்கீங்க”ன்னு டைப் பண்ணப்ப என் மனசுல என் குரல் அவ்வளவு ஆசையா ஓடிச்சு, அவளுக்குப் போனது தட்டின சத்தம் மட்டும்.

அந்த 2005 ஆய்வுலயே ஒரு வழியும் இருக்கு. எழுதினதை, நாம நினைச்ச தொனிக்கு நேர் எதிரான தொனில வாய்விட்டு படிக்கச் சொன்னாங்க, அப்படிப் படிச்சவங்களுக்கு அந்த அளவுக்கு மீறின நம்பிக்கை குறைஞ்சுது. நான் இதை தினமும் பண்றேன். முக்கியமான மெசேஜ்னா அனுப்பறதுக்கு முன்னாடி, என் மேல கடுப்புல இருக்கற ஒருத்தர் இதை எப்படி படிப்பாருன்னு அந்தக் குரல்லயே ஒரு தடவை முணுமுணுப்பேன். அந்தக் குரலுக்கும் அந்த வரி பொருந்திப் போச்சுன்னா மாத்தி எழுதணும். பொருந்தலைன்னா அனுப்பலாம். “இது பரவாயில்ல” அந்தக் குரலுக்கு அப்படியே பொருந்தும். “இது போதும், நல்லா வந்திருக்கு, இதையே வச்சுக்கலாம்” பொருந்தாது, எவ்வளவு கடுப்பா படிச்சாலும் ஒட்டாது.

எழுத்துல தொனி போயிடும்ங்கற கவலை போன் வந்தப்புறம் வந்தது இல்ல. 1668-லயே ஜான் வில்கின்ஸ்னு ஒருத்தர் கிண்டலைக் காட்ட ஆச்சரியக்குறியை தலைகீழா போடலாம்னு எழுதியிருக்காரு. அது நிலைக்கல. நிலைச்சது 1982 செப்டம்பர் 19-ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஸ்காட் ஃபால்மன் போட்டது. அங்க கம்ப்யூட்டர்ல செய்தி போடற பலகை ஒண்ணு இருந்துச்சு, அதுல லிஃப்ட்டு அறுந்து விழுந்தா உள்ள இருக்கற பாதரசம் என்ன ஆகும்னு ஒரு விவாதம் ஓடிட்டிருந்துச்சு, அப்ப ஒருத்தர் பரிசோதனையால ஒரு லிஃப்ட்ல பாதரசம் கலந்துடுச்சு, லேசா தீயும் பிடிச்சுதுன்னு விளையாட்டா எழுதிட்டாரு, முன்னாடி நடந்த பேச்சு தெரியாம படிச்சவங்க அதை நிஜ எச்சரிக்கைன்னு நினைச்சுட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஃபால்மன், விளையாட்டுக்கு சொல்றதுக்கு பக்கத்துல :-) போடுங்க, பக்கவாட்டுல பாருங்கன்னு எழுதினாரு. விளையாட்டு இல்லாததுக்கு :-( போடலாம்னும் சொன்னாரு, அது பின்னாடி சோகம்னு மாறிடுச்சு. சிரிப்பைக் காட்டணும்னு இல்லாம தப்பா படிச்சுடாதேன்னு சொல்றதுக்காகத்தான் அந்த முதல் குறி பிறந்துச்சுங்கறது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. எமோஜியை இப்பவும் அதுக்குத்தான் யூஸ் பண்ணணும்னு நினைக்கறேன்.

நம்ம கிட்டயும் இதுக்கு பழைய பேரு இருக்கு. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு இயல், மனசுல இருக்கறது உடம்புல தெரியறதைப் பத்தி. எட்டா பிரிச்சிருக்காங்க, நகை, அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோவம்), உவகை. ஒரு நாள் இதை வச்சுக்கிட்டு என் போன்ல இருக்கற எமோஜிங்களைப் பார்த்தேன். நகைக்கு அள்ளிக் கொட்டியிருக்கு, அழுகை, வெகுளி, அச்சம், மருட்கை எல்லாத்துக்கும் இருக்கு. இளிவரலுக்கு, அதாவது மத்தவங்க முன்னாடி தான் சின்னதா போயிட்டோம்னு கூனிக் குறுகறதுக்கு, மனசுக்கு ஒத்த முகம் ஒண்ணு கூட எனக்குக் கிடைக்கல. அந்தப் பொண்ணு அன்னைக்கு இருந்தது அதுலதான். அவ எழுதினது “சாரி அக்கா, மாத்திடறேன்”ங்கற மூணு வார்த்தை, நான் அதை சாதாரணமா எடுத்துக்கிட்டு நகர்ந்துட்டேன். நேர்ல இருந்திருந்தா தலை குனிஞ்சதைப் பார்த்திருப்பேன். இப்ப யாராவது ரொம்ப சீக்கிரமா, காரணம் எதுவும் கேக்காம, சாரி சொல்லி விட்டுக்கொடுத்தா நான் அங்கயே நின்னு கேக்கறேன், “எதுக்கு சாரி, நான் குறை சொல்லலையே?”

இனி அப்பா கதை. எங்க அப்பா எல்லா மெசேஜுக்கும் முற்றுப்புள்ளி வைப்பாரு. “சரி.” “சாப்பிட்டேன்.” “வரேன்.” என் தம்பிக்கு அது பிடிக்காது, அப்பா எப்பவும் கோவமாவே இருக்காருன்னு சொல்லுவான். பிங்ஹாம்டன் யுனிவர்சிட்டில 126 மாணவங்களை வச்சு இதைப் பார்த்திருக்காங்க, 2015-ல வெளியாச்சு. ஒத்தை வார்த்தை பதிலுக்கு முற்றுப்புள்ளி வச்சா அது மனசார சொன்ன மாதிரி இல்லைன்னு மாணவங்களுக்குப் பட்டுச்சு, அதையே காகிதத்துல கையால எழுதிக் காட்டினப்ப அப்படி எந்த வித்தியாசமும் தெரியல. இதைப் படிச்சதும் எனக்கு அப்பா புரிஞ்சாரு. அவரு போன்லயும் கடிதம்தான் எழுதிட்டிருக்காரு, தம்பி அதை சாட்டா படிக்கறான். வாக்கியம் முடிஞ்சா புள்ளி வைக்கணும்னு அவருக்கு சொல்லிக் கொடுத்திருக்காங்க, சாட்ல மெசேஜ் அனுப்பினாலே வாக்கியம் முடிஞ்சிடுது, அதுக்கு மேல ஒரு புள்ளி வச்சா கதவை சாத்தின மாதிரின்னு தம்பிக்குத் தோணுது. பெரியவங்க மூணு புள்ளி வைக்கறதும் இப்படித்தான், “நாளைக்கு பேசலாம்...”ன்னு அத்தை அனுப்பினா அவங்க மூச்சு விட்டிருக்காங்க, சின்னவங்களுக்கு ஏதோ பெரிய விஷயம் காத்திருக்குன்னு வயித்தைக் கலக்கும்.

ஒரு நாள் அப்பாகிட்டேர்ந்து “சரி”ன்னு மட்டும் வந்துச்சு. புள்ளி இல்ல. தம்பியா இருந்தா அப்பா இன்னைக்கு நல்ல மூடுல இருக்காருன்னு சொல்லியிருப்பான். எனக்கு என்னமோ போல இருந்துச்சு, உடனே கூப்பிட்டேன். காய்ச்சல்ல படுத்திருந்தாரு, படுத்துக்கிட்டே ஒரு கையால டைப் பண்ணியிருக்காரு.

நான் கத்துக்கிட்டதுலயே பெரிய விஷயம் இதுதான். புள்ளிக்கோ எமோஜிக்கோ தனியா ஒரு அர்த்தம் கிடையாது, ஒருத்தர் எப்பவும் எப்படி எழுதுவாருங்கறதுலதான் அர்த்தம் இருக்கு, அதுலேர்ந்து அவரு விலகும்போதுதான் அது சேதி. எப்பவும் நீளமா எழுதறவர் சுருக்கினா கவனிக்கணும். எப்பவும் சுருக்கமா எழுதறவர் சுருக்கமா எழுதினா அதுல ஒண்ணும் இல்ல. அதனால புதுசா ஒருத்தர் கூட வேலை ஆரம்பிச்சா முதல் ஒரு மாசம் அவரோட எந்த மெசேஜையும் நான் கோவம்னு முடிவு கட்டறதில்ல, அவரோட கையெழுத்தைப் படிச்சுக்கிட்டிருக்கேன்னு வச்சுக்கறேன். என்னோட கையெழுத்தையும் முன்னாடியே சொல்லிடறேன், “நான் வேலை நேரத்துல சுருக்கமா எழுதுவேன், கோவம்னா நேரா கோவம்னே சொல்லிடுவேன், வேற எதையும் கோவம்னு எடுத்துக்காதீங்க”ன்னு. சொன்னா அதுபடி நடந்துக்கவும் வேணும். ஜோசஃப் வால்தர்னு ஒருத்தர் 1992-லயே இதைத்தான் எழுதியிருக்காரு, எழுத்து வழியா மட்டும் பழகறவங்களுக்கும் நெருக்கம் வரும், நேர்ல பழகறதை விட நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்னு.

வார்த்தையை நீட்டறதைப் பத்தியும் சொல்லணும். “வாாாா”, “சரீீீ”, “ப்ளீீீஸ்” எல்லாம் சின்னப்பசங்க தமிழைக் கெடுக்கறாங்கன்னு சிலர் வருத்தப்படறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. குரலை நீட்டறதை எழுத்துல காட்டறதுக்கு நம்ம இலக்கணமே அளபெடைன்னு வழி வச்சிருக்கு, “கெடுப்பதூஉம்”ல அந்த “உ” எதுக்கு நிக்குது? ஓசை குறையாத இடத்துலயும் இனிமைக்காக நீட்டினா அது இன்னிசை அளபெடைன்னு பேரே உண்டு. “சரீீீ”ல இருக்கறதும் அந்த இனிமைதான். ஒத்தை “சரி” பச்சைத் தண்ணி மாதிரி, எந்த நிறமும் இல்ல, நீட்டினா கொஞ்சல் வந்துடும், “சரிப்பா” ஆறுதல், “சரி சரி” போதும் விடு, “சரி விடு” மனசு விட்டுப்போச்சு. இதுல ஆபத்தானது “ம்” மட்டும்தான். எனக்கு “ம்”ன்னா கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம், என் தோழிக்கு அது பேச இஷ்டமில்லைன்னு அர்த்தம், அவளுக்கு ரெண்டு “ம்” போட்டாதான் கேக்கறேன்னு அர்த்தமாம், மூணு போட்டா யோசிக்கறேனாம். எல்லாருக்கும் பொதுவா இது இதுதான்னு யாரும் எங்கயும் எழுதி வைக்கல. “அப்படியா”வும் அதே ரகம், ஆச்சரியமா, நம்பலையா, குத்தலான்னு குரல் இல்லாம சொல்லவே முடியாது. இந்த ரெண்டு வார்த்தையையும் நான் தனியா அனுப்பறதை நிறுத்திட்டேன், பின்னாடி ஒரு வார்த்தையாவது சேர்த்துடுவேன். “அப்படியா, எனக்கு தெரியவே தெரியாது!”

எமோஜிங்க விஷயத்துல ஒரு கஷ்டம், நாம அனுப்பற முகமும் அவங்க பாக்கற முகமும் ஒண்ணா இருக்காது. ஜப்பான்ல ஷிகெடகா குரிடா 1999-ல டோகோமோங்கற செல்போன் கம்பெனிக்காக 176 எமோஜி வரைஞ்சாரு, ஒவ்வொண்ணும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துல. அப்புறம் 2010-ல யூனிகோடுல, அதாவது எழுத்துங்களுக்கெல்லாம் பொதுவா எண் கொடுக்கற பட்டியல்ல, சேர்த்தப்ப எல்லா போனுக்கும் பொதுவான எண் கிடைச்சுதே ஒழிய படம் பொதுவாகல, ஒவ்வொரு கம்பெனியும் அதை அவங்கவங்க பாணில வரையறாங்க. மின்னசோட்டா யுனிவர்சிட்டில 2016-ல ஒரே எமோஜியோட வேற வேற வடிவங்களைக் காட்டிக் கேட்டிருக்காங்க, கண்ணும் சேர்ந்து சிரிக்கற ஒரு முகம் சில போன்ல சந்தோஷமா இருக்கு, அப்போதைய ஆப்பிள் வடிவத்துல பல்லைக் கடிக்கற மாதிரி இருக்கு. ஒரே வடிவத்தைப் பார்த்தவங்களே நல்லதா கெட்டதான்னு ஒத்துப்போகாத சந்தர்ப்பமும் நிறைய இருந்திருக்கு. கட்டைவிரல் இன்னும் மோசம். பெரியவங்களுக்கு அது முழு சம்மதம், சில இளசுகளுக்கு அது பேச்சை வெட்டி விடறது. கனடால சஸ்காட்சுவன் மாகாணத்துல ஆளிவிதை ஒப்பந்தத்தோட போட்டோவை அனுப்பி உறுதி பண்ணுங்கன்னு கேட்டதுக்கு ஒரு விவசாயி கட்டைவிரல் எமோஜி அனுப்பினாரு, கிடைச்சுதுன்னுதான் சொன்னேன்னு அவர் சொன்னாரு, 2023-ல கோர்ட்டு அது கையெழுத்துக்கு சமம்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிடுச்சு. அதனால பார்த்தேன்னா “பார்த்தேன்”, சம்மதம்னா “சம்மதம்”. வேலை விஷயத்துல விரலை நம்பாதீங்க, எழுதிடுங்க.

எங்க டீம்ல பார்வை இல்லாத நண்பர் ஒருத்தர் இருக்காரு, ஸ்கிரீன் ரீடர் வச்சு சாட்டை காதால கேப்பாரு. ஒரு தடவை எல்லாரும் சந்தோஷத்துல கண்ல தண்ணி வர சிரிக்கற முகத்தை பத்து பத்தா போட்டுத் தள்ளினோம், அவர் தனியா எனக்கு எழுதினாரு, அந்த முகத்தோட பேரை ஒவ்வொரு தடவையும் முழுசா என் காதுல சொல்லிட்டிருக்கு, நடுவுல யாரோ முக்கியமா ஏதோ கேட்டிருக்காங்க, அதைத் தேட முடியலன்னு. நீட்டி எழுதற வார்த்தைங்களையும் அந்தக் குரல் தடுமாறித்தான் படிக்கும், ஸ்டிக்கர் மட்டும் அனுப்பினா அவருக்கு படம்னு மட்டும் தெரியும், என்ன படம்னு தெரியாது. நாம தொனிக்காக சேர்க்கற எல்லாமே அவருக்கு ஒண்ணு சத்தமா போகுது, இல்ல காணாம போகுது. அன்னைலேர்ந்து நாங்க எமோஜியை ஒண்ணே ஒண்ணு, அதுவும் வரியோட கடைசில வைக்கறோம், ஸ்டிக்கர் அனுப்பினா கூடவே ரெண்டு வார்த்தையும் எழுதறோம். சந்தோஷமா இருந்தா “ரொம்ப சந்தோஷமா இருக்கு”ன்னு எழுதறோம். இப்படி எழுதிப் பழகினப்புறம் மத்தவங்களுக்குள்ளயும் குழப்பம் குறைஞ்சிடுச்சு, இது நாங்க எதிர்பார்க்காதது.

ஒரு பயிற்சி வகுப்புல, பேச்சுல 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், வார்த்தை வெறும் 7 சதவீதம்னு சொல்லிக் கொடுத்தாங்க, நானும் பல வருஷம் அதை நம்பினேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல பண்ண ஆய்வுலேர்ந்து வந்த எண் அது, ஒருத்தர் தனக்கு பிடிக்குது பிடிக்கலன்னு உணர்ச்சியை சொல்லும்போது வார்த்தை ஒண்ணு சொல்லி முகமும் குரலும் வேற சொன்னா எதை நம்புவோம்ங்கறதுக்கு மட்டும்தான் அது, மத்த பேச்சுக்கெல்லாம் பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. இது முக்கியம், ஏன்னா வார்த்தை 7 சதவீதம்னு நம்பினா எழுத்துல என்ன பண்ணியும் பிரயோஜனமில்லைன்னு கைவிட்டுடுவோம்.

பதில் வராம இருக்கறதும் ஒரு பேச்சு மாதிரிதான் ஆயிடுச்சு. 2014 நவம்பர்ல வாட்ஸ்அப்ல நீல டிக் வந்ததுலேர்ந்து படிச்சிட்டு பதில் சொல்லலைங்கறது எல்லாருக்கும் தெரியுது, ஆனா எதனால சொல்லலைங்கறது தெரியறதில்ல, அந்த இடத்தை நம்ம பயம் நிரப்பிடுது. டைப் பண்றாங்கன்னு காட்டி, நின்னு, மறுபடி காட்டி, ஒண்ணுமே வராம போனா இன்னும் மோசம். இதுக்கு என் வழி சுலபமானது, படிச்ச உடனே “படிச்சேன், நாளைக்கு காலைல உக்காந்து பதில் சொல்றேன்”னு ஒரு வரி போட்டுடறது. நீளமான பதிலை சாட் பெட்டிக்குள்ள எழுதறதில்ல, நோட்ஸ்ல எழுதி முடிச்சு கொண்டு வந்து ஒட்டறேன், அப்ப எதிர்ல இருக்கறவர் அந்தப் புள்ளிங்க துள்ளறதைப் பார்த்துக்கிட்டு தவிக்க வேண்டியதில்ல.

நானும் படிக்கற பக்கத்துல தப்பு பண்ணியிருக்கேன். லீவு வேணும்னு காரணத்தோட நீளமா எழுதினதுக்கு டீம்ல ஒருத்தர் “நல்லது”ன்னு ஒத்தை வார்த்தைல பதில் போட்டாரு. அந்த “நல்லது”ல எனக்கு எவ்வளவு கசப்பு கேட்டுச்சுன்னா ரெண்டு நாள் அவர் மெசேஜைத் திறக்கவே மனசு வரல. அப்புறம் என்ன ஆனாலும் சரின்னு எழுதினேன், “உங்க ‘நல்லது’ எனக்கு வருத்தத்துல சொன்ன மாதிரி கேட்டுச்சு, நிஜமாவே அப்படியா, இல்ல நானா நினைச்சுக்கறேனா?” அவர் உடனே கூப்பிட்டாரு, கைக்குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒத்தை விரல்ல அனுப்பினது அது, வேற ஒண்ணுமே இல்லைன்னாரு. இந்த மாதிரி கேக்கும்போது “நீங்க கோவமா எழுதியிருக்கீங்க”ன்னு கேக்காம “எனக்கு இப்படி கேட்டுச்சு”ன்னு கேக்கணும், முதல்ல சொன்னது குற்றச்சாட்டு, ரெண்டாவது நம்ம காதைப் பத்தின சந்தேகம். மெசேஜ்ல ரெண்டு தடவை போய் வந்தும் முடிச்சு அவிழலைன்னா எழுதறதை நிறுத்திட்டு போன் பண்ணிடணும். நல்லதல்லாத சேதியையும் மன்னிப்பையும் முடிஞ்சா குரல்ல சொல்லுங்க, வாய்ஸ் மெசேஜாவாவது. வேலை விவரத்தை மட்டும் வாய்ஸ்ல அனுப்பாதீங்க, அதைத் திரும்பத் தேடி எடுக்கறது பாவம்.

அந்தப் பக்கத்தை அவ மறுபடி உக்காந்து அடுக்கினா, இந்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்து. முதல்ல பண்ணதுல இருந்த சில விஷயங்க ஞாபகத்துக்கு வரவே இல்ல, அது போனது போனதுதான்.

போன வாரம் டீம்ல இன்னொருத்தர் புதுசா சேர்ந்திருக்காரு. அவர் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பகுதியை முழுசா எடுத்துட்டாரு. ராத்திரி அவகிட்டேர்ந்து எனக்கு ஒரு மெசேஜ், அவருக்கு அனுப்ப எழுதி வச்சதை எனக்கு முதல்ல அனுப்பியிருந்தா. “இந்தப் பகுதி எனக்கு தேவைன்னு தோணுது, ஆனா நீங்க என்ன பார்த்தீங்கன்னு எனக்கு தெரியல. எதனால எடுத்தீங்க?” கீழ, “அக்கா, இது கோவமா கேக்குதா?” நான் அதை கடுப்பான குரல்ல ரெண்டு தடவை வாய்விட்டு படிச்சுப் பார்த்தேன். கடைசி வரி மட்டும் கொஞ்சம் பொருந்துச்சு. “எதனால எடுத்தீங்கன்னு சொல்றீங்களா”ன்னு மாத்திக்கோ, குரூப்ல போடாத, தனியா அனுப்புன்னு சொன்னேன். அவ அனுப்பிட்டு பதிலையும் எனக்கு காட்டினா. மூணு வரில காரணம் எழுதியிருந்தாரு, அதே விளக்கம் வேற பக்கத்துல இன்னும் தெளிவா இருக்காம், அவர் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. கடைசில, “கேட்டதுக்கு ரொம்ப நன்றிிி”.